உப்பு வாங்கப் போன கதை

உலகத்தில் எத்தனை வகை உப்பு இருக்கிறது என்று போன வருஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒரே உப்பு. சாம்பாரில் குறைந்தால் சம்சாரத்தை ஒரு பார்வை பார்ப்பேன். கூடினால் இரண்டு பார்வை. அவ்வளவுதான் எனக்கும் உப்புக்கும் இருந்த உறவு. நான் பி.காம். படித்தவன் சார். டெபிட் எது, கிரெடிட் எது என்று நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சோடியம், மக்னீசியமெல்லாம் பக்கத்து வகுப்புக்காரன் சமாச்சாரம்.

அப்பேர்ப்பட்டவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கூப்பிட்டாள்.

"டேய், கடைவீதிக்குப் போறியா? நாட்டு மருந்துக் கடையில இந்துப்பு நூறு கிராம் வாங்கிட்டு வா."

"எதுக்கும்மா?"

"எதுக்கோ. வாங்கிட்டு வான்னா வாங்கிட்டு வாயேன்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். என் மனைவி முழங்காலை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நெற்றியில் வியர்வை. ஓஹோ, இதுவா! எங்கள் ஊர்ப் பக்கம் இதற்கு 'வீட்டுக்குத் தூரம்' என்று பேர். கல்யாணமாகி நாலு வருஷம். இதைப் பற்றி நான் கேட்டதும் கிடையாது, அவள் சொன்னதும் கிடையாது. காலண்டரில் அவள் பென்சிலால் போடும் சின்னப் புள்ளியைப் பால் கணக்கு என்றுதான் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

திண்டுக்கல் ரத வீதிப் பக்கம் போயிருக்கிறீர்களா? நாட்டு மருந்துக் கடையைக் கண்ணால் தேட வேண்டாம். மூக்கே கொண்டுபோய் விடும். வசம்பு, சுக்கு, ஓமம், சாம்பிராணி எல்லாம் கலந்து ஒரு நெடி. நான் போன கடையில் நல்ல கூட்டம். நாலைந்து பெண்கள், சைக்கிளோடு ஒரு பால்காரர், கல்லாவில் மூக்குக் கண்ணாடி போட்ட பெரியவர். எல்லாம் போதாதென்று, நான் கணக்கு எழுதிக் கொடுக்கும் பூட்டுக்கடை முதலாளி வேறு திரிபலா வாங்க வந்து நின்றார். (பத்திரிகைக்கு எழுதிச் சாப்பிட முடியுமா? பகலில் நாலு கடைக்குக் கணக்கு எழுதுகிறேன்.)

"இந்துப்பு நூறு கிராம் குடுங்கய்யா."

"சமையலுக்கா தம்பி, மருந்துக்கா?"

"மருந்துக்கு."

"என்ன பண்ணுது?"

"வயித்து வலிங்க."

"யாருக்கு?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பூட்டுக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். பெண்களும் பார்த்தார்கள். பால்காரரும் பார்த்தார்.

"எனக்குத்தாங்க!" என்றேன்.

"எப்படி வலிக்குது?"

"அடிவயிறு... அப்படியே இழுத்துப் பிடிக்குது."

"வெளிக்குப் போச்சா?"

"அது... அவ்வளவு சரியா இல்லீங்க."

"என்ன சார், நேத்து ராத்திரி பிரியாணியா?" என்றார் பூட்டுக்கடைக்காரர். கடையே சிரித்தது. நானும் அசடு வழிந்தேன். பெரியவர் மட்டும் சிரிக்காமல் இரண்டு பொட்டலம் மடித்தார். "இது இந்துப்பு. இது பேதி உப்பு. வெந்நீர்ல கலக்கிக் குடிங்க. கட்டு விட்டுரும்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இரண்டையும் கொடுத்தேன். "வயித்து வலிக்குன்னு கடைக்காரர் இதையும் குடுத்தாரும்மா. வெந்நீர்ல குடிக்கணுமாம்." எந்த வயிறு, யாருடைய வயிறு என்ற விளக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன். அம்மாவும் பெரியவர் கொடுத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று கலக்கிக் கொடுத்துவிட்டாள்.

மத்தியானம் மூன்று மணிக்குள் என் மனைவி பாத்ரூமுக்கும் கட்டிலுக்குமாக ஒன்பது தடவை நடந்தாள். பத்தாவது தடவை நடக்க முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது அவள் கை ஜில்லென்று இருந்தது. டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே டாக்டரம்மா அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தது அரைகுறையாகக் காதில் விழுந்தது.

"எத்தனை நாளா இப்படி வலிக்குது?"

"வயசுக்கு வந்ததுலேர்ந்து இருக்குங்க. இந்த ரெண்டு வருஷமா ரொம்ப ஜாஸ்தி. இப்பல்லாம் அந்த நாளுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுது."

"வீட்டுக்காரர்ட்ட சொன்னீங்களா?"

பதில் வரவில்லை. வராததே பதில்.

வெளியே வந்த டாக்டரம்மா, "நீங்கதான் பேதி உப்பு வாங்கிட்டு வந்தவரா?" என்றார். மனைவி சொல்லியிருக்கிறாள். பேந்தப் பேந்த விழித்தேன். திட்டப்போகிறார் என்று நினைத்தால், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

மாதவிலக்கின்போது கர்ப்பப்பை தன் உள்வரியை உரித்து வெளியே தள்ளுகிறது. தள்ளுவதற்குச் சுருங்கி விரிய வேண்டும். அந்த வேலையைச் செய்யச் சொல்லி உத்தரவு போடுவது 'புரோஸ்டாகிளாண்டின்' என்கிற வேதிப்பொருள். இது அதிகமாகச் சுரந்தால் கர்ப்பப்பை ரொம்ப இறுக்கிப் பிடிக்கும். ரத்த ஓட்டம் குறையும். வலிக்கும். காலில் தசை பிடித்துக்கொண்டால் எப்படி 'ஐயோ அம்மா' என்று குதிக்கிறோம்? அதையே அடிவயிற்றில், இரண்டு நாளைக்கு வைத்துப் பாருங்கள் என்றார். இதே சரக்கு குடலையும் சும்மா விடாது. அதனால்தான் பல பெண்களுக்கு அந்த நாட்களில் வாந்தி, பேதியும் சேர்ந்துகொள்கிறது. ஏற்கெனவே ஓடுகிற வண்டியை நான் பேதி உப்பு போட்டு மேட்டிலிருந்து தள்ளிவிட்டிருக்கிறேன்!

இந்தப் பேர் எப்படி வந்தது என்று அப்புறம் தேடிப் படித்தேன். வேடிக்கையைக் கேளுங்கள். 1930-களில் ஸ்வீடன் நாட்டு உல்ஃப் வான் ஆய்லர், இது ஆண்களுக்கு மட்டுமே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவதாக நினைத்து அந்தப் பேரை வைத்துவிட்டார். உடம்பு முழுக்கச் சுரக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. பேர் நம்முடையது, வலி அவர்களுடையது! ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைகள் இந்தப் பொருள் உற்பத்தியாவதைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன என்று 1971-ல் இங்கிலாந்தின் ஜான் வேன் கண்டுபிடித்தார். 1982-ல் அதற்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அப்படியானால் இந்துப்பு? என் அம்மா, அவள் அம்மா, அவளுக்கும் அம்மா என்று நம்பி வந்த வைத்தியம் என்னாவது?

இரண்டு வாரம் கழித்து மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். கூட்டமில்லாத மத்தியான நேரமாகப் பார்த்துத்தான் (தைரியம் அவ்வளவு சீக்கிரம் வந்துவிடுமா?). நடந்ததைச் சொன்னேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்.

"ஏன் தம்பி, சம்சாரத்துக்குன்னு சொல்றதுக்கு என்ன? இந்தக் கடைக்கு வர்ற பொம்பளைங்க பாதிப் பேரு அதுக்குத்தான் வர்றாங்க. வந்தா ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்கிட்டுப் போறாங்க. ஆம்பளைங்கதான் திருடன் மாதிரி முழிக்கிறீங்க."

வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதன் பிறகு மனம் இரங்கி, ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டினார். அடேயப்பா! சித்த வைத்தியத்தில் உப்பு என்பது ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். கல்லுப்பு, இந்துப்பு, வெடியுப்பு, வளையலுப்பு, பூநீறு, நவச்சாரம், சீனாக்காரம் என்கிற படிகாரம், வெங்காரம்... எல்லாம் வெள்ளை அல்லது அழுக்கு வெள்ளை. பொடித்து வைத்தால் எனக்கு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது.

நம் ஊருக்கும் இந்தக் குடும்பத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. வெடிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்புதான். 1755-ல் திண்டுக்கல்லுக்குப் படைத்தலைவராக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களை வைத்து இங்கே ஆயுதசாலை நடத்தினார் என்று சரித்திரம் சொல்கிறது. பேகம்பூர் பக்கத் தோல் ஷாப்புகளில் தோல் கெடாமலிருக்க மூட்டை மூட்டையாகக் கல்லுப்பு. மேற்கே போனால் பழனி. போகர் ஒன்பது பாஷாணங்களைக் கட்டி முருகனைச் செய்தார் என்பது வழிவழி நம்பிக்கை. கல்லும் உப்பும் மருந்தாகும் என்பதை இந்த மாவட்டத்துக்காரனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எந்தக் கல், எந்த உப்பு, எவ்வளவு, யார் கையால் என்பதுதான் கேள்வி.

முதலில் இந்துப்பு. சிந்து நதிப் பக்கத்து உப்பு. சம்ஸ்கிருதத்தில் சைந்தவம் என்பதும் அதே அர்த்தம்தான். இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கும் கேவ்ரா சுரங்கம் இதற்குப் பேர் போனது. அலெக்சாந்தரின் குதிரைகள் பாறையை நக்கிக் கண்டுபிடித்தன என்று ஒரு கதை உண்டு. குதிரைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை பாருங்கள். இந்தியாவில் இமாசலப் பிரதேசத்தின் மண்டி மாவட்டத்திலும் கொஞ்சம் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் சரக்குகளுக்கு 200 சதவீத வரி, 2025 மே மாதம் முழுத் தடை என்று ஆன பிறகு, இந்துப்புக்கும் அரசியலுக்கும் நேரடிச் சம்பந்தம் ஏற்பட்டுவிட்டது.

அம்மாவின் மருந்து எளிமையானது. ஒரு டம்ளர் மோர், மிளகளவு பெருங்காயம், ஒரு சிட்டிகை இந்துப்பு. பெருங்காயம் ஆப்கானிஸ்தான், இரான் பக்கத்து இறக்குமதி. இந்துப்பு சிந்துப் பக்கம். பாட்டி வைத்தியத்தில் பாட்டியும் மோரும்தான் உள்ளூர்ச் சரக்கு!

இது வேலை செய்யுமா? டாக்டரம்மாவிடம் பிறகு கேட்டேன். இந்துப்பு பெரும்பாலும் நம் சமையல் உப்புதான், அதே சோடியம் குளோரைடு. இரும்பு, கால்சியம், மக்னீசியம் எல்லாம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, கடுகளவு. அந்தச் சிட்டிகை போய்க் கர்ப்பப்பையைத் தளர்த்தாது. வாயு, உப்புசம் இருந்தால் பெருங்காய மோர் வயிற்றுக்கு இதமாக இருக்கும், குடிக்கட்டும், தப்பில்லை என்றார். ஆனால் ஒன்று. மருந்துக்கு நல்லது என்று கேள்விப்பட்டுச் சமையலுக்கும் இந்துப்பையே போட ஆரம்பித்தால், அதில் அயோடின் சேர்த்திருக்காது. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக்கூடாது என்று 2006-ல் சட்டம் கொண்டுவந்தது சும்மா இல்லை. தைராய்டு கோளாறு வந்தால் மாதவிலக்கும் சேர்ந்து கெடும். வயிற்று வலிக்கு மருந்து தேடப் போய் கழுத்தில் வியாதி வாங்கின கதையாகிவிடும். தவிர, எந்த உப்பானாலும் மொத்தமாக நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

பேதி உப்பு என் ஜென்ம விரோதி. அது மக்னீசியம் சல்ஃபேட். லண்டனுக்குப் பக்கத்தில் எப்சம் என்ற ஊரில், 1618 வாக்கில் ஒரு மாட்டுக்காரர் குட்டையைக் காட்ட, மாடுகள் அந்தக் கசப்புத் தண்ணீரைக் குடிக்க மறுத்துவிட்டனவாம். அதிலிருந்து வந்ததுதான் எப்சம் உப்பு. மாடு மறுத்ததை நான் மனைவிக்குக் கொடுத்தேன். இதற்குமேல் என்னைப் பற்றி என்ன சொல்ல?

பெரியவர் கடைசியாகக் காட்டிய டப்பாதான் என்னைக் கொஞ்சம் பயமுறுத்தியது. வெங்காரம். பொரித்துப் பொடியாக்கி, மாதவிலக்குக் கோளாறுகளுக்கு வைத்தியர்கள் கொடுப்பதுண்டு. இங்கிலீஷில் இதற்கு போராக்ஸ் என்று பேர், நகைப் பட்டறையில் பற்றவைக்கவும் இதைத்தான் உபயோகிக்கிறார்கள். "படிச்ச வைத்தியர் சீட்டு இல்லாம இதைக் குடுக்க மாட்டேன் தம்பி. பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்கன்னு வருவாங்க. திருப்பி அனுப்பிருவேன்" என்றார் பெரியவர். அவர் சொன்னது நியாயம்தான். போரான் உப்புகள் அளவு மீறினால் விஷம். கருவையே பாதிக்கக் கூடியவை என்று ஐரோப்பிய நாடுகள் வகைப்படுத்தி வைத்திருக்கின்றன. படிகாரக் கட்டிக்கும் வெங்காரக் கட்டிக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் வீட்டில் சோதனை நடத்த வேண்டாம். சித்த மருந்துதான் வேண்டும் என்றால் அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவு இருக்கிறது. பட்டம் வாங்கின டாக்டர்கள் இருக்கிறார்கள். சின்னாளபட்டிப் பக்கம் காந்திகிராமத்தில் லட்சுமி சேவா சங்கம் சித்த, ஆயுர்வேத மருந்துகளைத் தயாரித்தே விற்கிறது. டாக்டர் சௌந்தரம் அம்மா 1947-ல் காந்திகிராமத்தை ஆரம்பித்தபோது, அவர் முதலில் கவனித்தது கிராமத்துப் பெண்களின் பிரசவத்தையும் உடம்பையும்தான் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

இதற்கிடையில் விஷயம் கேள்விப்பட்டு என் சித்தப்பா வந்து சேர்ந்தார். அவர் பையில் எப்போதும் சின்னச் சின்ன பாட்டில்கள். "மேக் பாஸ்! வெந்நீர்ல நாலு மாத்திரை! அஞ்சு நிமிஷத்துல வலி பறந்துடும்!" என்று ஒரு போடு போட்டார். பயோகெமிக் வைத்தியமாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஷூஸ்லர் என்ற டாக்டர், மனித உடம்புக்கு 12 உப்புதான் ஆதாரம் என்று சொல்லி ஆரம்பித்தது. மக்னீசியம் பாஸ்பேட் அதில் ஒன்று.

பாட்டிலில் 6எக்ஸ் என்று போட்டிருந்தது. உப்பு தெரியாவிட்டாலும் எனக்குக் கணக்கு தெரியுமே! ஒரு எக்ஸ் என்றால் பத்தில் ஒரு பங்கு. ஆறு எக்ஸ் என்றால் பத்தில் ஒன்றை ஆறு தடவை. அதாவது பத்து லட்சத்தில் ஒன்று. பேப்பரில் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ மாத்திரை சாப்பிட்டால் ஒரு மில்லிகிராம் உப்பு உள்ளே போகும். மீதியெல்லாம் பால் சர்க்கரை. நம் வேடசந்தூர்ப் பக்கம் விளைகிற நிலக்கடலையில் ஒரு கைப்பிடி எடுத்தாலே ஐம்பது மில்லிகிராம் மக்னீசியம் இருக்கிறது!

"அப்ப எனக்கு மட்டும் எப்படிடா கேக்குது?" என்றார் சித்தப்பா.

"சித்தப்பா, உங்களுக்கு எப்ப மாசவிலக்கு வந்துச்சு?" என்று கேட்டேன். அன்றைக்குச் சாப்பிடாமல் கோபித்துக்கொண்டு போனவர், தீபாவளிக்குத்தான் திரும்ப வந்தார். (வெந்நீர் குடிப்பதே கொஞ்சம் இதம் தரும். அந்தப் பெருமையை மாத்திரை தட்டிக்கொண்டு போய்விடுகிறது என்பது என் கணிப்பு.)

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நிஜமான அளவில் மக்னீசியம் கொடுத்தால் வலி குறைகிறதா என்று சின்னச் சின்ன ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. கொஞ்சம் குறைகிற மாதிரிதான் தெரிகிறது. ஆனால் எவ்வளவு கொடுப்பது, எத்தனை நாள் கொடுப்பது என்று இன்னும் தீர்மானமாகச் சொல்கிற அளவுக்கு வரவில்லை. சாப்பாட்டிலேயே எடுத்துக்கொள்வதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. வயசுக்கு வந்த பெண்ணுக்கு நம் வீடுகளில் கிண்டிக் கொடுக்கும் உளுந்தங்களியில் உளுந்தும், சில வீடுகளில் எள்ளும் இருக்கின்றன. இரண்டிலும் மக்னீசியம் தாராளம். களி கிண்டின பாட்டிக்கு மக்னீசியம் தெரியாது. தெரிந்த நமக்குக் களி கிண்டத் தெரியாது.

சரி, உப்பு வைத்தியத்தில் ஒன்றுகூடத் தேறாதா என்று கேட்பீர்கள். தேறுகிறது சார். அதுவும் ரொம்ப மலிவான உப்பு. கல்லுப்பு ஒத்தடம்!

இரும்புச் சட்டியில் இரண்டு கை கல்லுப்பைப் போட்டு, படபடவென்று பொரியும் வரை வறுக்க வேண்டும். கெட்டியான பருத்தித் துணியில் கொட்டி மூட்டையாகக் கட்டி, அடிவயிற்றிலும் இடுப்பிலும் வைத்து வைத்து எடுக்க வேண்டும். உப்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தண்ணீர் மாதிரி ஒழுகாது, துணிக்குள் வயிற்றின் வளைவுக்கு ஏற்றபடி உட்கார்ந்துகொள்ளும். இங்கே வேலை செய்வது உப்பு இல்லை, சூடு. சூடு பட்டால் இறுகிய தசை தளர்கிறது. 2001-ல் அமெரிக்காவில் 80-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் சோதனை செய்தார்கள். சுமார் 39 டிகிரி சூட்டில் இருக்கும் ஒரு பட்டையை வயிற்றில் ஒட்டிக்கொண்டவர்களுக்கு, இபுப்ரோஃபென் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இணையாக வலி குறைந்திருந்தது.

இந்த வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். முதல் தடவை உப்பைக் கருக்கிவிட்டேன். இரண்டாம் தடவை சூட்டோடு கொண்டுபோய் வைத்து, "ஆத்தீ!" என்று ஒரு அலறல். அப்புறம்தான் கற்றுக்கொண்டேன். முதலில் என் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும், என்னால் பத்து எண்ண முடிந்தால்தான் அவள் வயிற்றுக்கு. ரொம்பச் சூடாக இருந்தால் இன்னொரு மடிப்புத் துணி. அப்படியே வைத்துக்கொண்டு தூங்கிவிடக் கூடாது. சட்டியைத் திருப்பி அடுப்பில் வைத்தால் அதே உப்பு மறுபடி உபயோகமாகும். மாதச் செலவு என்ன என்று பார்த்தேன். பேரேட்டில் எழுதுகிற அளவுக்குக்கூட வரவில்லை.

உப்புக்கு இப்போது ஜி.எஸ்.டி. கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உப்பு வரியை எதிர்த்து 1930-ல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்தார். ஆனால் சானிட்டரி நாப்கினுக்கு 12 சதவீதம் போட்டிருந்ததை 2018 ஜூலையில்தான் எடுத்தார்கள் என்பதை நான் கவனித்ததே இல்லை. அந்த ஒரு வருஷமும் பில் பில்லாகக் கணக்கு எழுதியவன்தான். கண் பார்த்தது, மண்டை பார்க்கவில்லை.

எங்கள் மாவட்டத்துச் சமவெளியில், வேடசந்தூர்ப் பக்கம் பஸ்ஸில் போனால், இரண்டு பக்கமும் நூற்பாலைகள். ஷிப்ட் மாறும் நேரத்தில் வேன் வேனாகப் பெண் பிள்ளைகள். அதுவரைக்கும் அந்த வேன்களை டிராபிக் இடைஞ்சலாகத்தான் பார்த்திருக்கிறேன். 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள், தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டார்கள். வயிற்று வலி என்று சொன்னால் லீவு கிடையாது, பேர் எழுதாத மாத்திரை ஒன்றைக் கையில் கொடுத்து மிஷினுக்குத் திருப்பி அனுப்பினார்கள் என்பது அந்தச் செய்தி. என்ன மாத்திரை, எத்தனை போடலாம், என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. வலி மாத்திரை கெட்டது இல்லை. டாக்டரைக் கேட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு, வலி முற்றுவதற்கு முன்பே போட்டால் நன்றாகக் கேட்கும் என்றுதான் எங்கள் டாக்டரம்மாவும் சொன்னார். அல்சர், ஆஸ்துமா, கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. மெஃபனாமிக் அமிலம் என்று நம் ஊரில் சர்வசாதாரணமாகப் போடும் மாத்திரைக்கே, அபூர்வமாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம், கவனியுங்கள் என்று 2023-ல் மத்திய அரசின் மருந்துத் தர ஆணையம் எச்சரிக்கை விட்டது.

ஆபீஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் ஆபீஸ்காரர்கள். பீகாரில் அரசு ஊழியப் பெண்களுக்கு மாதம் இரண்டு நாள் விடுப்பு 1992-லேயே வந்துவிட்டது. கேரளத்தில் 2023 ஜனவரியில் பல்கலைக்கழக மாணவிகளுக்கு வந்தது. கர்நாடக அமைச்சரவை 2025 அக்டோபரில் மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு என்று ஒப்புதல் கொடுத்தது. நம்மிடம் அப்படி எதுவும் இல்லாவிட்டால் போகட்டும், பக்கத்து சீட் அம்மணி மேஜையில் தலை கவிழ்ந்திருந்தால் 'என்ன மேடம், ராத்திரி தூங்கலையா?' என்று ஜோக் அடிக்காமலாவது இருக்கலாம். நான் அடித்திருக்கிறேன்.

டிரிப்ஸ் போட்ட அன்றைக்கு டாக்டரம்மா எழுதிக் கொடுத்த ஸ்கேனை அந்த வாரமே எடுத்தோம். இடது சினைப்பையில் ஒரு கட்டி. 'சாக்லேட் சிஸ்ட்' என்றார்கள். பேரைக் கேட்டு ஒரு விநாடி நிம்மதியாகக்கூட இருந்தது எனக்கு! கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய உள்வரி மாதிரியான திசு வெளியே, சினைப்பையில் போய் வளர்கிறது. மாதாமாதம் அங்கேயும் ரத்தம் கசிகிறது, வெளியேற வழியில்லாமல் தேங்கிக் கறுக்கிறது. அந்த நிறத்துக்காகத்தான் சாக்லேட் என்று பேர். வியாதிக்குப் பேர் எண்டோமெட்ரியோசிஸ். உலகத்தில் குழந்தை பெறும் வயதுள்ள பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இருக்கிறதாம். சும்மா விட்டால் குழந்தை தங்குவதிலும் சிக்கல் வரலாம். நாலு வருஷமாக எங்கள் வீட்டில் அந்தப் பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது, கோயில் கோயிலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம்.

"வருஷா வருஷம் கூடிக்கிட்டே போற வலி, அந்த நாளுக்கு முன்னாலயே ஆரம்பிக்கிற வலி, மாத்திரைக்கும் அடங்காத வலி, ரத்தப்போக்கு ரொம்ப ஜாஸ்தி... இதுல எது இருந்தாலும் உப்புல சரி பண்ணலாம்னு உட்கார்ந்திருக்கக் கூடாது, உடனே வந்துடணும்" என்றார் டாக்டரம்மா. "நீங்க பேதி உப்பு குடுத்ததால இவங்க இப்பவாவது வந்தாங்க. அதுக்காக மறுபடி குடுத்துடாதீங்க."

ஹார்மோன் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு ஆபரேஷனா இல்லையா என்று சொல்கிறேன் என்றிருக்கிறார். வலி முழுக்கப் போகவில்லை, பாதியாகியிருக்கிறது. காலண்டரில் புள்ளி வைக்கிற வேலை இப்போது என்னுடையது. வலி எவ்வளவு என்று பத்துக்கு மார்க் போட்டு எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நான் அதற்கு இரண்டு பத்தி லெட்ஜர் ஒன்று போட்டிருக்கிறேன். பார்த்துவிட்டு, "இதுலயும் டெபிட் கிரெடிட்டா?" என்று சிரித்தாள்.

போன வாரம் கல்லுப்பு தீர்ந்துவிட்டது. வாங்கிக்கொண்டு, அம்மாவுக்குப் பெருங்காயம் வேண்டுமென்றாளே என்று பெரியவர் கடையில் ஏறினேன். விதி! அதே பூட்டுக்கடைக்காரர், அதே திரிபலா.

"என்ன சார், இன்னும் வயித்து வலி சரியாகலையா?" என்றார் சத்தமாக.

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு இல்லீங்க அண்ணாச்சி. வீட்ல. மாசாமாசம் வர்ற வலி. ஒத்தடம் குடுக்க உப்பு வாங்கினேன்."

கடை ஒரு நிமிஷம் அமைதியாகிவிட்டது. பெரியவர் மட்டும் தராசைப் பார்த்துக்கொண்டே லேசாகச் சிரித்தார். நான் காசைக் கொடுத்துவிட்டு இறங்கி, வண்டியை ஸ்டார்ட் செய்யப் போனேன். பின்னாலேயே பூட்டுக்கடைக்காரர் வந்தார். இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"சார்... நம்ம பொண்ணு, காலேஜ்ல படிக்குதே, அதுக்கு மாசாமாசம் ரெண்டு நாள் எந்திரிக்கவே முடியல. அவங்கம்மா எதையோ கலக்கிக் குடுக்கறா, எனக்கு ஒண்ணும் விளங்கல. நீங்க யாரோ டாக்டரம்மாகிட்ட காட்டினீங்களாமே?"

திரிபலா பொட்டலத்தின் மேல் காகிதத்திலேயே பேரையும் பார்க்கிற நேரத்தையும் எழுதிக் கொடுத்தேன்.